நம் குளத்தில் தூண்டிலுக்கு என்ன மீன் விடலாம்? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை எந்தக் குளக்கரைக்குப் போனாலும் தூண்டிலோடு நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். விற்பதற்காக அல்லாமல் பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கும் கூட்டம் இது. வெளிநாட்டு ஏரிகளில் ஆள் நீள ஸ்டர்ஜன் மீனைப் பிடித்து, தூக்கிப் படமெடுத்து, மறுபடியும் தண்ணீரில் விடும் காணொளிகளை இவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். ‘ஊர்க் குளத்தைச் சீர்செய்து இப்படி ஒரு மீனை விட்டால் என்ன?’ என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. குளத்தின் மீது அக்கறை இருப்பதால்தான் கேட்கிறார்கள். அதனால் முழுப் பதிலையே தருகிறேன்.

ஸ்டர்ஜன் எப்படிப்பட்ட மீன்? அதற்கு ஏன் இவ்வளவு மவுசு?

டைனோசர் காலத்திலிருந்து பெரிதாக உருமாறாமல் வந்திருக்கும் மீன் குடும்பம் அது. உடம்பில் சாதாரணச் செதில் கிடையாது. முதுகிலும் விலாவிலும் வயிற்றோரத்திலுமாக ஐந்து வரிசை எலும்புத் தகடுகள் ஓடுகின்றன. நீண்ட மூக்கின் அடியில் நான்கு மீசைகள் தொங்கும். அவற்றால் அடிமண்ணைத் துழாவி, இரை தட்டுப்பட்டதும் பல்லில்லாத வாயைக் குழாயாக நீட்டி உறிஞ்சிக்கொள்ளும். அதன் முட்டைதான் உலகச் சந்தையில் கொழுத்த விலைக்குப் போகும் கேவியர்.

ரஷ்யா, ஐரோப்பா, சீனா, வட அமெரிக்கா என்று பூமியின் வடபாதிதான் அதன் தாயகம். நூறு ஆண்டைத் தாண்டி வாழும் இனங்களும் உண்டு. கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் வெள்ளை ஸ்டர்ஜனைப் பிடிக்கத் தூண்டில்காரர்கள் உலகெங்கிலுமிருந்து போகிறார்கள். பிடித்ததைத் திருப்பி விட்டுவிட வேண்டும், எதிர்முள் (மீன் நழுவாதபடி பின்னோக்கி நிற்கும் முள்) இல்லாத கொக்கியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். பிரிட்டனில் சில தனியார் ஏரிகளில் இதைத் தூண்டிலுக்கென்றே விட்டிருக்கிறார்கள், அதற்கும் உரிமம் வேண்டும்.

நம் குளத்தில் விட்டால் பிழைக்குமா?

பிழைக்காது. இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறினாலும், பெரும்பாலான ஸ்டர்ஜன்களுக்கு 15 முதல் 20 டிகிரி வரையிலான தண்ணீர்தான் சுகம். 25 டிகிரியைத் தாண்டினால் இரை எடுப்பது குறைந்து நோய் தொற்றத் தொடங்கும். சித்திரை வெயிலில் நம் குளத்து மேல்நீர் 30 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும் மீனைக் குறைவாக இருக்கும் தண்ணீரில் விடுவது, விட்ட அன்றே அதற்கு நாள் குறிப்பதாகும்.

இதையெல்லாம் விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. நம் குளங்கள் வற்றும் குளங்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்களில் பங்குனிக்குள் ஆடு மேயும். பெலுகா ஸ்டர்ஜன் பெண் முட்டை வைக்கும் பருவத்துக்கு வரவே 15 ஆண்டுக்கு மேலாகும். ஆறு மாதம் தண்ணீர் நிற்கும் குளத்தில் அதற்கு என்ன வேலை?

மாஞ்சோலை குளிராகத்தானே இருக்கிறது? நீலகிரியில் டிரவுட் வாழவில்லையா?

நல்ல கேள்வி. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த டிரவுட் என்னும் குளிர்நீர் மீனுக்கு நீலகிரி அவலாஞ்சியில் பொரிப்பகமே இருக்கிறது. ஆனால் நீலகிரியின் உயரம் வேறு. மாஞ்சோலை, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் 1000 முதல் 1500 மீட்டருக்குள் அடங்கியவை. மேலும் அந்த மலை முழுவதும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அணைப்பில் இருக்கிறது. அங்கே அயல் மீனை விடுவதைப் பற்றி நினைக்கவே கூடாது. அந்த மலைத் தண்ணீர் மணிமுத்தாறு அணைக்கு வந்து, பிறகு தாமிரபரணியில் சேர்கிறது. மேலே தப்பிய மீன் கீழே வந்தே தீரும்.

அந்த ஓடைகளில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இ.ஜி. சைலஸ் 1954இல் விவரித்த ஒரு கெண்டை இனத்துக்குத் தாமிரபரணியின் பெயரே அறிவியல் பெயராக இருக்கிறது: டாகின்சியா தாமிரபரணியே. வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல்நூலாக இழைகள் நீண்டு, நீரோட்டத்தில் அலையும். கல்லொட்டி வகையில் களக்காட்டின் பெயர் கொண்ட இனமும் உண்டு. இவை உலகில் வேறெங்கும் கிடையாது. இவற்றின் வீட்டுக்குள் எந்த விருந்தாளியையும் நாம் தள்ளக் கூடாது.

என் சொந்தப் பண்ணைக் குட்டையில், தண்ணீரைக் குளிர்வித்து வளர்த்தால்?

கரண்ட் பில் கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும் அடுத்த பதிலைப் படியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உயிருள்ள வெளிநாட்டு மீனை இந்தியாவுக்குள் கொண்டுவர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஸ்டர்ஜன் இனங்கள் எல்லாமே 1998 முதல் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, எஞ்சியிருக்கும் ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தும் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. சீனத் துடுப்புமூக்கு மீன் என்ற அதன் நெருங்கிய உறவு அற்றே போய்விட்டதாக அதே ஆண்டு அறிவித்தார்கள். யாராவது ‘குஞ்சு வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குளத்துக்குள் விட்ட மீன் குளத்திலேயேதானே கிடக்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நெல்லைச் சீமையில் தனிக் குளம் என்று ஒன்று அநேகமாக இல்லை. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் வயல்களுக்கும் பாய்கிறது, நயினார்குளத்தையும் நிரப்புகிறது. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எல்லாம் இதே கதைதான். மேல்குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்கு வரும். கீழ்க்குளம் பெருகினால் அதற்கும் கீழே. கடைசிக் குளத்தின் மறுகால் மறுபடி ஆற்றிலோ ஓடையிலோ போய் விழும். மடை திறந்தால் குஞ்சு மீன் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகும். வலை கட்டித் தடுக்கலாம் என்பார்கள். மழைக்காலத்தில் மறுகாலில் அமலைச் செடி (ஆகாயத்தாமரை) வந்து அடைத்தால் முதலில் அறுத்தெறியப்படுவது அந்த வலைதான். அறுக்காவிட்டால் கரை போய்விடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. எத்தனை குளங்கள் உடைந்தன! அந்த இரண்டு நாளில் எந்தக் குளத்து மீன் எந்த ஊருக்குப் போனது என்று எவராலும் சொல்ல முடியாது. ஊர்க் குளத்தில் ஒரு மீனை விடுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, தாமிரபரணியிலேயே விடுகிறார்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். ஜிலேபிக் கெண்டை என்று நாம் சொல்லும் திலேப்பியா ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்கு வந்தது. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காப்பதால் எந்தச் சாக்கடையிலும் பெருகிவிடும். இன்று அது இல்லாத குளத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை அரசு தடை செய்தும், திருட்டுத்தனமாக வளர்த்தவர்களின் குட்டைகளிலிருந்து அது வெளியேறிவிட்டது.

அப்படியானால் என்ன மீனைத்தான் விடுவது?

விரால். தூண்டில்காரனுக்கு இந்த மண் கொடுத்திருக்கும் பெரிய பாக்கியம் விரால்தான். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றையே குடித்துக்கொள்ளும். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். இந்த வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்ற மீன் வேறில்லை. பொம்மைத் தவளையைத் தாமரை இலைக்கு மேலே இழுத்துக்கொண்டு வரும்போது, இலைக்கு அடியில் தண்ணீர் ஒரு கணம் புடைத்து, பிறகு படாரென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் ஸ்டர்ஜனுக்காக ஏங்க மாட்டார்.

விராலுக்குத் துணையாக கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடிமண்ணிலும் மேய்வதால் ஒன்றின் தீனியில் மற்றொன்று கை வைப்பதில்லை. மைதா உருண்டை, கடலைப் புண்ணாக்கு, தவிடு எல்லாவற்றுக்கும் தூண்டிலில் வரும். வாளை தானாக இருந்தால் இருக்கட்டும், நாமாக விட வேண்டாம். அதன் வாய்க்கு அளவே கிடையாது. நாட்டுக் கெளுத்தி, குறவை, ஆரல், அயிரை இவையெல்லாம் ஆற்றுத் தண்ணீரோடு தாமாகவே வந்து சேரும்.

கட்லாவும் ரோகுவும் கூட வடநாட்டு மீன்கள்தானே?

ஆம், கங்கைச் சமவெளியின் மீன்கள்தான். பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டின் குளங்கள் எல்லாவற்றிலும் விடப்பட்டு, ஊர்ச்சந்தையின் மீனாகவே ஆகிவிட்டன. அதனால் சமவெளிக் குளங்களுக்கு இவற்றைச் சொல்கிறேன். மலையோரத்து ஓடைகளுக்கும் காட்டுக்குள் உள்ள தடங்களுக்கும் இவற்றையும் விடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஒருமுறை விட்டால் தானாகப் பெருகுமா?

விரால் பெருகும், கட்லா வகை பெருகாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள். தேங்கிய நீரில் வளருமே தவிர இனம் பெருக்காது. ஆகவே ஆண்டுதோறும் விட வேண்டும். (ஸ்டர்ஜனுக்கும் முட்டையிட ஓடும் ஆறும் கல் தரையும் வேண்டும். ஏரியில் விட்டவர்கள் அங்கேயும் விட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.)

விரால் செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டையிட்டு, தாயும் தகப்பனுமாகக் காவல் காக்கும். கரையோரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்து, தண்ணீர்ப்பரப்பில் கொதிப்பதுபோல் பொங்கிப் பொங்கி நகர்ந்தால் அது விரால் பார்ப்பு, அதாவது குஞ்சுக் கூட்டம். அதற்குச் சற்றுக் கீழே பெரிய மீன் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். தயவுசெய்து பிடிக்காதீர்கள். காவல் போன மறுநிமிடமே மற்ற மீன்கள் வந்து மொத்தப் பார்ப்பையும் தின்றுவிடும். ஒரு மீனுக்காக ஓர் ஆண்டு விளைச்சலை இழப்பீர்கள்.

எப்போது விடுவது? எத்தனை விடுவது?

மானாவாரிக் குளம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி, மறுகால் நின்ற பிறகு விடுங்கள். மறுகால் ஓடிக்கொண்டிருக்கும்போது விட்டால் பாதி கீழ்க்குளத்துக்காரருக்குப் போகும். ஆற்றுப் பாசனக் குளங்களுக்குப் பிசானம் என்னும் வடகிழக்குப் பருவமழை நெல்பருவத்துத் தண்ணீரும், மேற்குமலை மழை பெய்தால் கார் என்னும் முன்பருவ நெல்லுக்கான தண்ணீரும் வரும். அங்கே மீனுக்குக் கூடுதல் மாதங்கள் கிடைக்கும். வளர்ச்சியில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

தீவனம் போட்டு வளர்க்கும் பண்ணைக் குட்டையில் ஹெக்டேருக்கு 5000 முதல் 10000 வரை விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) விடுவது வழக்கம். ஊர்க் குளம் அப்படிப்பட்ட இடமில்லை. தீவனம் இல்லாத பாசனக் குளத்தில், அதுவும் தூண்டிலுக்காக என்றால், 2000ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கை நிறைகுளப் பரப்பில் போடாமல், தை மாதத்தில் நிற்கும் தண்ணீர்ப் பரப்பில் போடுங்கள். தூண்டில்காரருக்கு வேண்டியது எண்ணிக்கையைவிட எடை. நெருக்கிவிட்டால் எல்லாம் கையளவிலேயே நின்றுவிடும். இடம் தாராளமாக இருந்தால் கட்லா ஓராண்டில் ஒரு கிலோ வரை வரும்.

குஞ்சின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. நான்கு அங்குலத்துக்குக் குறையாத விரலியாக வாங்குங்கள். விலை மலிவு என்று சின்னக் குஞ்சை வாங்கி விட்டால் விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் விருந்து வைத்ததாகத்தான் முடியும்.

குஞ்சு எங்கே கிடைக்கும்? பையில் வந்ததை எப்படி விடுவது?

மணிமுத்தாற்றில் அரசு மீன் பண்ணை இருக்கிறது. தொழில்நுட்ப ஐயங்களுக்குத் தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இரண்டிடமும் நேரில் போய்க் கேட்கலாம்.

ஆக்ஸிஜன் நிரப்பிய பாலிதீன் பையில் குஞ்சு வரும். வெயில் ஏறுமுன் காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ விடுங்கள். வந்ததும் பையை அவிழ்த்துக் கொட்டுவதுதான் பலர் செய்யும் கொலை. கட்டு அவிழ்க்காமல் பையைக் கரையோரம் பதினைந்து, இருபது நிமிடம் மிதக்க விட்டால் உள்ளும் புறமும் சூடு ஒன்றாகும். பிறகு வாயை அவிழ்த்து, குளத்துத் தண்ணீரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேருங்கள். கடைசியில் பையின் வாயைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தால் போதும். நல்ல குஞ்சு தலையைத் திருப்பித் தானாகவே நீந்தி வெளியேறும். பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பவை பிழைப்பது கடினம். அவற்றை எண்ணி வைத்துக்கொண்டு பண்ணையில் சொல்லுங்கள்.

இலுப்பைப் புண்ணாக்கு போட்டுப் பழைய மீனைக் கொன்றுவிட்டுப் புதிதாக விடும் முறை பண்ணைக் குட்டைக்கு உரியது. ஊர்க் குளத்தில் அதைச் செய்வது பெரும்பாவம். அயிரையும் ஆரலும் விரால் பார்ப்பும் சேர்ந்தே சாகும்.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் வயல்) உள்ள குளம் நீர்வளத் துறையின் கையில் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போயிருந்தால் அந்தப் பருவத்துக்கு மீன் குத்தகைதாரருடையது. நீங்கள் காசு போட்டு விட்ட மீனானாலும் அவருடையதுதான். ஆகவே விடுவதற்கு முன் அவரோடு பேசி, தூண்டிலுக்கு நாள் சீட்டு, வலைக்குத் தனி நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு கரைச் சண்டையில் முடியும்.

அதற்கும் முன்பாக ஆயக்கட்டு விவசாயிகளிடம் பேசுங்கள். குளத்துத் தண்ணீர் முதலில் நெல்லுக்கு. மீன் செத்துவிடும், மடையைத் திறக்காதே என்று சொல்லும் உரிமை எந்தத் தூண்டில்காரருக்கும் கிடையாது. கோடையில் மீன் தங்க வேண்டும் என்றால், தூர்வாரும்போது ஒரு மூலையில் ஆழமாக ஒரு கசம் விடச் சொல்லிக் கேட்கலாம். கால்நடைக்கும் அது உதவும்.

பிடித்த மீனைத் திரும்ப விட்டால் உண்மையில் பிழைக்குமா?

நிதானமாகச் செய்தால் பெரும்பாலும் பிழைக்கும். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். கரை மண்ணில் போட்டுப் படமெடுக்காதீர்கள். கொக்கி தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். சித்திரை, வைகாசி நண்பகலில் பிடித்து விடுவது வேண்டாம், சூடேறிய தண்ணீரில் களைத்த மீன் தேறாது. சமைக்கப் போகிறீர்கள் என்றால் தேவைக்கு ஒன்றிரண்டு எடுங்கள், அதில் தவறில்லை.

பறவைகள் வரும் குளங்களில் தூண்டில் போடலாமா?

கூந்தன்குளம் சரணாலயம். அங்கே கூடாது. திருப்புடைமருதூரும் பறவைகளுக்காகக் காக்கப்படும் ஊர். பறவைக்கு அஞ்சி வெடி வெடிக்காமல் தீபாவளி கொண்டாடும் கூந்தன்குளத்து மக்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். மற்றக் குளங்களிலும் கருவேல மரங்களில் கூடு இருக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம். அறுந்த தூண்டில் நரம்பை ஒரு முழம்கூட விட்டுவிட்டு வராதீர்கள். கூழைக்கடாவின் காலிலும் நாரையின் அலகிலும் அது சுற்றிக்கொண்டால் அந்தப் பறவை பட்டினியில் சாகும்.

காரையாறு, சேர்வலாறு அணைகளில்?

புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை. கூடாது. பாபநாசம் கோயில் படித்துறை மீன்களுக்குப் பொரி போடலாம், தூண்டில் போடக் கூடாது.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. நோயா?

பெரும்பாலும் ஆக்ஸிஜன் பற்றாக்குறை. பாசியும் செடியும் இரவில் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும்போது குளத்தில் அது அடிமட்டத்துக்குப் போகிறது. மேகமூட்டம் தொடர்ந்தாலும், சாக்கடை கலந்தாலும் இன்னும் மோசமாகும். புதுத் தண்ணீர் விட வழியிருந்தால் விடுங்கள், மோட்டார் வைத்து அதே தண்ணீரை மேலேற்றிப் பீய்ச்சினாலும் பயன் உண்டு. அமலைச் செடியைக் கரையேற்றுங்கள். அந்த வாரம் தூண்டில் வேண்டாம்.

தூண்டிலில் தொட்டி மீன் மாட்டினால் என்ன செய்வது?

இங்கே சொல்வது சக்கர் மீனைத்தான்: கறுப்பு உடம்பு, முள்முள்ளான தகடு, அடியில் உறிஞ்சும் வாய். வீட்டு மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் இரக்கப்பட்டுக் குளத்தில் விட்டவர்களின் வேலை இது. தென் அமெரிக்க மீன், கரையில் வளை தோண்டி முட்டையிடும், வலையைக் கிழிக்கும். ஸ்டர்ஜன் குட்டி என்று நினைத்துச் சிலர் படம் அனுப்புகிறார்கள். ஸ்டர்ஜனுக்கு வாய் ஓரத்தில் உறிஞ்சு வட்டு கிடையாது, மூக்கு நீண்டிருக்கும். மாட்டிய தொட்டி மீனைத் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். கரையிலும் வீசாதீர்கள், நீரின்றி வெகுநேரம் உயிரோடிருந்து மறுபடி இறங்கிவிடும். கொன்று, குழிதோண்டிப் புதையுங்கள். பிடித்த குளத்தின் பெயரையும் தேதியையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.